வெளியே வராத நாலு பேர்

2005 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.50. ஆபீஸ் வாசலில் மாட்டியிருந்த வெப்பமானி 44 காட்டியது. காற்றே இல்லை. கடல் பக்கத்து ஈரம் மட்டும் வந்து கண்ணாடிக் கதவின் வெளிப்புறத்தில் வியர்வையாக வழிந்துகொண்டிருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கேம்ப் பஸ் புறப்பட்டுப் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் ஆறுமுகம் உள்ளே வந்து, "சார், எனக்கு ரூம் மாத்திக் குடுங்க" என்றான்.

கேம்ப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தண்ணீர் லாரி வராவிட்டால் யாருக்குப் போன் செய்வது, மூட்டைப்பூச்சிக்கு எந்த மருந்து அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். துபாய்க்கு வெளியே ஒரு தொழிலாளர் குடியிருப்பில் ஒன்பது வருடம் பொறுப்பாளராக இருந்தவன் நான். யாரும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. அது நல்ல பழக்கம் என்றும் சொல்லமாட்டேன். அன்றைக்கு அதுதான் உதவியது. அதற்கு முன்னால் ஏழு மாதம் என்னை ஏமாற்றியதும் அதுதான்.

ஆறுமுகம் விழுப்புரம் பக்கத்துக்காரன். நாற்பதைத் தாண்டிய கொத்தனார். பி பிளாக்கில் ஒன்பதாம் அறை.

"எப்ப மாத்தணும்?"

"இன்னிக்கே சார். இப்பவே."

"ஏன்?"

"ஏசி சரியில்ல சார்."

முந்தாநாள்தான் அந்த ஏசியைப் பழுது பார்த்தோம். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரும் எழுந்து வந்து அறை மாற்றக் கேட்கமாட்டார்கள். வாரத்தில் தூங்கக் கிடைக்கும் ஒரே மத்தியானம் அது.

"ஆறுமுகம், பஸ் எத்தனை மணிக்குத் திரும்பி வரும்?" என்று சும்மாதான் கேட்டேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஒன்னே காலுக்கு" என்றான். பிறகு, "நான் எதுவும் சொல்லல சார். எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க" என்றான்.

அந்தப் பதிலில் எனக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. ஒன்பதாம் அறை, திரும்பி வரும் பஸ், ஒன்னே கால் மணி. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை அடிக்க அந்த அறையில் ஆள் காத்திருக்கிறது. கையில் எண்பத்தைந்து நிமிடம்.

ஜனவரியில் நடந்ததை இங்கே சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. எங்கள் பொதுச் சமையலறையில் எட்டு அடுப்பு. மாட்டுக்கறி சமைத்த அடுப்பில் சாம்பார் வைப்பதா என்று ஒரு சண்டை. ஒருவனுக்கு மண்டையில் மூன்று தையல். இரு பக்கத்துப் பெரியவர்களும் ஆபீசுக்கு வந்து, எங்களைப் பிரித்து விட்டுவிடுங்கள், தொல்லை இருக்காது என்றார்கள். கல்ஃப் முழுக்க கேம்ப்காரர்களுக்குப் பிடித்த வழி அதுதான்: ஊர் வாரியாக, சாமி வாரியாக அறை ஒதுக்குவது. செய்வதற்குச் சுலபம். நிர்வாகமும் கேள்வி கேட்காது. பி பிளாக் இந்துக்களுக்கு, சி பிளாக் முஸ்லிம்களுக்கு. அடுப்பும் நாலு நாலாகப் பிரிந்தது. அதற்கு முன் மாதம் இருபது, இருபத்தைந்து புகார் வரும். குழம்பைத் திருடினான், ரேடியோவைச் சத்தமாக வைத்தான் என்று. பிப்ரவரியில் ஒன்பது. ஏப்ரலில் இரண்டு. ஜூனில் ஒன்றுமே இல்லை. தலைமை ஆபீசிலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது.

புகார் சைபருக்கு வந்தால் அமைதி என்று நான் நினைத்தேன். அவர்கள் புகாரை நிறுத்தவில்லை, வேறு ஒருவரிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துபாய் நகரத்துக் கராமா பகுதியிலிருந்து ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, சுத்தமான ஆள், ஏதோ கம்பெனியில் கிளார்க். பையன்களுக்கு ஊருக்குப் பணம் அனுப்பும் படிவம் நிரப்பிக் கொடுப்பார், தலைவலி மாத்திரை கொண்டுவருவார். நானே அவரை ஒருநாள் டீ குடிக்கச் சொல்லியிருக்கிறேன். டீயும் மாத்திரையும் போன பிறகு அறையில் சிடி ஓடும் என்பது எனக்குத் தெரியாது. கலவரம், எரிந்த வீடு, அழுகிற பெண்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று அதில் இருக்காது. எட்டுப் பேரும் ஒரே பக்கத்து ஆளாக இருக்கிற அறையில், "இது உண்மையா?" என்று கேட்க ஒருவன்கூட இருக்கமாட்டான். பழைய அறையாக இருந்தால் எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு காதர் எழுந்து, "அட போங்கப்பா, அந்தப் பாட்டப் போடுங்க" என்றிருப்பான். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

சரி, 11.50க்கு வருகிறேன்.

போலீசுக்குப் போன் செய்வதுதான் முதல் எண்ணம். 999 என்று மூன்று எண்ணையும் அழுத்திவிட்டு, பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் வைத்துக்கொண்டேன். வந்தால் அள்ளிக்கொண்டு போவார்கள். யார் இதில் இருக்கிறான், யார் இல்லை என்று பார்க்க நேரம் இருக்காது. இன்னும் எதுவும் நடக்கவில்லை. நடந்துவிட்டாலோ போலீஸ் வந்தும் பயன் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கம்பியோ கட்டையோ, ஆயுதம் என்று ஏதாவது ஒன்று அறை வாசலைத் தாண்டினால் பச்சைப் பொத்தான் என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். நீங்களும் ஏதாவது கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதை முதலிலேயே போட்டுவிட வேண்டும். பதற்றம் கூடக் கூட அந்தக் கோடு நகர்ந்துகொண்டே போகும்.

முதலில் பஸ். டிரைவர் கான் பாய் பெஷாவர்க்காரர்.

"கான் பாய், நமாஸ் முடிஞ்சதும் கேம்புக்கு வராதீங்க. எல்லாரையும் ஹைப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் சொல்ற வரைக்கும் அங்கேயே இருங்க" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

"சாப், இவங்களுக்கு இங்க பிரியாணி காத்திருக்கு. அது ஆறிப்போனா என்னைப் பிரியாணி போட்டுருவாங்க."

"என் பேரைச் சொல்லுங்க."

"அச்சா. உங்க பேரைத்தான் சொல்லுவேன், கவலைப்படாதீங்க."

அடுத்தது ஒன்பதாம் அறை. நேரே போய்க் கதவைத் தட்டினால் எட்டுப் பேரும் ஒரே பக்கம் நிற்பார்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியாது. அதனால் எலக்ட்ரிக் அறைக்குப் போய் பி பிளாக் முழுக்க ஏசி வரும் பெரிய சுவிட்சை இறக்கினேன். அந்த வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் இருக்க முடியாது. தானாகவே வெளியே வருவார்கள். வராமல் உள்ளே இருப்பவனுக்கு உள்ளே வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பி பிளாக்கில் 128 பேர். காலையிலிருந்து வெளியே போயிருந்தவர்கள் 37 என்று வாட்ச்மேன் சொன்னான். மீதி 91. லுங்கியோடும் துண்டோடும் திட்டிக்கொண்டே வந்து கூரை நிழலில் நின்றார்கள். "என்ன சார், வேக வச்சுத் திங்கப் போறீங்களா?" என்றான் ஒருவன். நான் சிரித்துக்கொண்டே எண்ணினேன். இரண்டு தரம் எண்ணினேன். ஆறுமுகத்தையும் சேர்த்து 87.

நாலு பேர். ஒன்பதாம் அறையில் பாதிப் பேர் வெளியே, பாதிப் பேர் உள்ளே. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எட்டுப் பேர் கூட்டம் என்று நான் பயந்தது நாலாகிவிட்டது.

மணி 12.25. உள்ளே போனேன். கதவைச் சாத்தவில்லை.

நாலு பேரும் கீழ்க் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான் முதலில் பார்த்தது அவர்கள் கால்களை. நாலு பேரும் சைட்டுக்குப் போடும் இரும்பு முனை ஷூ போட்டிருந்தார்கள். விடுமுறை நாளில், அறைக்குள்.

"ஏசி எப்ப சார் வரும்?" என்றான் ஒருவன், ஒன்றும் இல்லாததுபோல.

"நீங்க வெளிய வந்தா வரும்."

"நாங்க இங்கயே இருந்துக்குறோம்."

"ஷூவோடயா?"

ஒருவன் கால்களைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவன் கதிரேசன். இருபத்திரண்டு வயது. பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமம், ஐடிஐ படித்த எலக்ட்ரீசியன். அவன் தொடைக்கு அடியில் போர்வை புடைத்துக்கொண்டிருந்தது. இரண்டடி நீளத்துக்கு வெட்டிய முறுக்குக்கம்பியின் முனை, துணி சுற்றி, வெளியே தெரிந்தது.

"சார், நீங்க போயிருங்க. ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றான்.

"யாருக்குடா சம்பந்தம்?"

"காதருக்குச் சம்பந்தம் இருக்கு. அவந்தான் அவிங்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி திரியுறான்."

காதர் மைதீன் கம்பி கட்டும் ஃபோர்மேன், கதிரேசனின் பக்கத்து ஊர்க்காரன். ஜனவரி வரைக்கும் இருவரும் ஒரே மெஸ்ஸில் பதினோரு மாதம் சாப்பிட்டவர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஊரில் ஓர் ஊர்வலத்தில் கல்லெறி நடந்திருக்கிறது. கதிரேசனின் அண்ணனுக்குக் கண்ணில் அடி என்பதை அவன் சொல்லி அப்போதுதான் கேட்டேன்.

"அன்னிக்குக் காதர் சைட்டுல பதினாலாவது மாடியில உனக்குப் பக்கத்துலதானடா நின்னான்? அவனா எறிஞ்சான்?"

"அவன் எறியல. அவிங்க ஆளுக எறிஞ்சாய்ங்க."

"அவிங்கன்னா யாரு? பேரைச் சொல்லு."

"அவிங்கதான் சார். எல்லாந்தான்."

நான் ஆறு நிமிடம் வாதாடினேன். சட்டம் சொன்னேன், ஜெயில் சொன்னேன், நாடு கடத்துவார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் தயாராகப் பதில் இருந்தது. வார்த்தைகூட அவனுடையது இல்லை. பேச்சு மேடையில் வரும் தமிழ். நான் சொல்லச் சொல்ல மற்ற மூவரும் அவன் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்ததுதான் மிச்சம். அந்த ஆறு நிமிடம் வீண். இப்படிப்பட்ட நேரத்தில் நியாயம் பேசினால் அது அவனுக்கு ஒத்திகை ஆகிவிடுகிறது.

எனக்கும் வியர்த்து மூச்சு வாங்கியது. என்ன பேசுவது என்று தெரியாமல்தான் அதைக் கேட்டேன்.

"உங்கண்ணன் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

கதிரேசன் என்னைப் பார்த்தான்.

"பன்னெண்டு நாளாச்சு சார். இப்பத்தான் கேக்குறீங்க."

"எனக்குத் தெரியாதுடா."

"எஞ்சினியர்ட்ட லீவு கேட்டேன். ஸ்லாபு போடணும், போகக் கூடாதுன்னாரு. அண்ணனுக்கு ஆபரேசன் சார்ன்னேன். 'தூ டாக்டர் ஹை க்யா', நீ என்ன டாக்டரான்னாரு. அஞ்சாறு பேரு நின்னு சிரிச்சாய்ங்க." அவன் குரல் இப்போதுதான் அவன் குரலாக இருந்தது. "அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. கராமாக்காரர் மட்டுந்தான் வந்து உக்காந்தாரு. விடியிற வரைக்கும் உக்காந்தாரு சார். நீங்க யாரு வந்தீங்க?"

அந்த மனிதர் வைத்திருந்த சரக்கு எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும், அவர் கொடுத்த அந்த ஒரு ராத்திரி நிஜம். பெரிய பெரிய காரணங்களைப் பிறகு பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவையும் இருக்கலாம். நான் பார்த்தது இவ்வளவுதான்: அழ வேண்டிய பையனை அழ விடாமல் பன்னிரண்டு நாள் வேலை வாங்கினோம். எல்லார் முன்னாலும் சிரித்தோம். அதைக் கேட்க உட்கார்ந்த ஒரே ஆள் கையில் சிடி வைத்திருந்தார்.

"அவரு இப்ப எங்க?"

"காலைல வந்துட்டுப் போயிட்டாரு. கராமால ஏதோ விருந்தாம்."

அடுத்த கட்டிலில் இருந்தவன் நிமிர்ந்தான். "விருந்தா? அவுகம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்லன்னுல்ல எங்கிட்டச் சொன்னாரு?"

நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அப்போது நான் செய்த ஒரே நல்ல காரியம் வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில் நாலு பேரும் அதை யோசித்தார்கள். அவர் ஏசியில் இருக்கிறார், நாம் இங்கே இருக்கிறோம். கொஞ்ச நேரத்தில் அந்த அடுத்த கட்டில்காரன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தான்.

கதிரேசன் மட்டும் அசையவில்லை.

"இன்னிக்கு ராத்திரி உன்னை ஊருக்கு அனுப்புறேன்" என்றேன்.

"பாஸ்போர்ட்டு?"

"அது என் பாடு."

"எல்லாரும் இப்படித்தான் சார் சொல்லுவீக."

பாஸ்போர்ட் எல்லாம் தலைமை ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கும். வெள்ளிக்கிழமை திறக்கமாட்டார்கள். எனக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. அங்கேயே நின்று பர்சனல் மேனேஜரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சென்னைக்காரர், குடும்பத்தோடு இருப்பவர். சாப்பாட்டில் கை வைத்திருந்தார்.

"யோவ், நீ நடத்துறது கேம்பா, தூதரகமா? வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் கேக்குற?"

"சார், பையனோட அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். அவசரம்."

"சனிக்கிழமை வரச் சொல்லு."

"சனிக்கிழமை முடியாது சார்." ஏன் முடியாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் முதலில் போலீசுக்குத்தான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது அவர் வேலை.

"ஜாமீன் யாரு? அவன் திரும்பி வரலைன்னா?" எங்கள் கம்பெனியில் ஒருவன் ஊருக்குப் போனால், அவன் திரும்பும் வரை இன்னொருவன் தன் பாஸ்போர்ட்டை ஈடு வைக்க வேண்டும்.

"நான் சார்."

"நீயா? உன் பொண்ணு கல்யாணத்துக்கு டிசம்பர்ல போகணும்னியே? அவன் வரலைன்னா அவன் விசா செலவு, டிக்கெட்டு எல்லாம் உன் சம்பளத்துலதான் புடிப்பேன். எழுதிக் குடுக்கணும்."

"எழுதிக் குடுக்கறேன் சார்."

"பைத்தியக்காரன்யா நீ. ஆறு மணிக்கு வா."

போனை வைத்தேன். கதிரேசன் கம்பியை என் கையில் கொடுக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து எடுத்து, தரையில் போட்டு, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. மணி 1.04. எனக்கு அது போதும். வெளியே வந்து நேரே எலக்ட்ரிக் அறைக்குப் போனேன். சுவிட்சைப் போட்டேன். தூக்கிப் போட்ட வேகத்தில் ஒரு கம்ப்ரஸர் எரிந்துபோனது.

எல்லாம் அடங்கட்டும் என்று நாலு மணிக்குத்தான் பஸ்ஸை வரச் சொன்னேன். காதர் இறங்கி நேரே என்னிடம் வந்தான்.

"என்ன சார் இது? சோறு தண்ணி இல்லாம மூணு மணி நேரம் கடைக்குள்ள சுத்த விட்டீங்க. வேற வேலையில்லாம வீட்டுக்கு ரெண்டு நைட்டி வாங்கிட்டேன். அளவு சின்னது, கட்டாயம் ஏச்சு வாங்குவேன்."

"கதிரேசன் இன்னிக்கு ஊருக்குப் போறான். அண்ணனுக்குக் கண்ணுல அடி" என்றேன்.

"யாரு, பஞ்சர்க் கடை ராசேந்திரனா? எப்ப சார்? எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

பி பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில் முப்பது அடி. அந்தச் செய்தி பன்னிரண்டு நாளில் அதைத் தாண்டவில்லை.

ஏழு மணிக்கு டாக்சி வந்தபோது காதர் வாசல் கேட் அருகே நின்றான். கதிரேசன் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒரு மத்தியானத்தில் மனம் மாறிவிட்டது என்று நான் உங்களிடம் கதை விடமாட்டேன். நான் அவனை அந்த அறையிலிருந்து எடுத்து அண்ணன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மீதி அவன் பாடு.

அடுத்த வாரமே அறைகளை மறுபடி கலந்தேன். இரு பக்கமும் என்னைத் திட்டினார்கள். அப்போதுதான் சி பிளாக்கிலும் கட்டிலுக்கு அடியில் சிடிக்கள் கிடைத்தன. வேறு மனிதர், வேறு சாமி. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒரே பேச்சு. கராமாக்காரரை வாசல் கேட்டோடு நிறுத்தினேன். அவரைப் பற்றிப் பக்கத்துக் கேம்ப்களுக்கும் பர்சனல் மேனேஜருக்கும் சொன்னேன். மற்ற மூவரையும் மூன்று அறையில் போட்டேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் அவர்கள் கட்டிலில் உட்கார்ந்தேன். செப்டம்பரில் இருபத்து மூன்று புகார் வந்தது. தலைமை ஆபீசில் கோபித்துக்கொண்டார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் செய்ததை அப்படியே செய்யாதீர்கள். நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர் உள்ளே இருந்திருந்தால், அந்த லேஸை ஒருவன் அவிழ்க்காமல் இருந்திருந்தால், நான் பச்சைப் பொத்தானை அழுத்தியிருப்பேன். அழுத்தத் தாமதித்தேன் என்று யாராவது செத்துப்போயிருக்கவும் கூடும்.

கதிரேசன் திரும்பி வரவில்லை. அக்டோபரில் போன் செய்தான்.

"சார், நான் வரல. அண்ணனுக்கு ஒரு கண்ணு போயிருச்சு. கடைல நாந்தான் நிக்கேன்."

"சரி."

"ஒங்களுக்குச் சம்பளத்துல புடிப்பாகளா?"

"புடிப்பாங்கடா. பின்ன மாலையா போடுவாங்க?"

"காதர் அண்ணன் மச்சான் நேத்து வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாரு. பஞ்சர் ஒட்டிக் குடுத்தேன்."

"காசு வாங்கினியா?"

"வாங்குனேன் சார். எல்லாருக்கும் வாங்குறதுதான்."

டிசம்பர் கல்யாணத்துக்கு என் பாஸ்போர்ட் கிடைத்தது. பணத்தை மட்டும் விடவில்லை. விசாவும் லேபர் கார்டும் 4,200. விமான டிக்கெட் 1,150. கான் பாய்க்கு ஓவர்டைம் 120. எரிந்துபோன கம்ப்ரஸர் 915. அது ஏற்கெனவே பழசு, அதை என் தலையில் கட்டியது அநியாயம் என்று இன்றும் சொல்வேன். ஏழு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். மொத்தம் 6,385 திர்ஹாம்.